வண்ணத் தீவுத் துறைமுகங்கள்: சென்னையிலிருந்து கேமராவோடு நடக்க எந்த ஊர்?

பழைய துறைமுகம், சுற்றிலும் தண்ணீர், தெரு நெடுக நிறம் பூசிய சுவர்கள். இந்த மூன்றும் சேர்ந்த ஊரில் மூன்று நான்கு நாள் நடந்து படம் எடுக்க நினைக்கும் சென்னைக்காரருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நான்கு ஊர்கள் உண்டு: மலேசியாவில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன், தாய்லாந்தில் புக்கெட் தீவின் பழைய நகரம், குஜராத் கரையோரத்தில் டையூ, கேரளத்தில் ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐந்து நாள் லீவும் பாஸ்போர்ட்டும் இருந்தால் பினாங்கு. சனி, ஞாயிறு மட்டும்தான் என்றால் கொச்சி. கூட்டமில்லாத தெருவும் நெடுநேரம் சாய்ந்து விழும் வெயிலும் வேண்டுமென்றால், பயண அலுப்பைப் பொறுத்துக்கொண்டு டையூ. புக்கெட்டைக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒன்றரை நாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரலாம். படத்துக்காக மட்டும் அங்கே போக வேண்டாம்.

இந்த வரிசையைத் தீர்மானிப்பது நிறம் அல்ல. நிறம் நான்கு ஊரிலும் போதுமான அளவு இருக்கிறது. எந்த மணிக்கு, எந்தப் பக்கச் சுவரில், எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது என்பதும், வெயில் கெட்ட பிறகு உச்சிப்பொழுதில் செய்வதற்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது என்பதும்தான் கைக்கு வரும் படங்களின் எண்ணிக்கையை முடிவு செய்கின்றன. ஓட்டல் வாடகையை நாள் முழுக்க ஒப்பிடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாமலேயே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள்.

வெயில் கணக்கு

ஜனவரி நடுவில், அதாவது பொங்கல் விடுமுறையில், சென்னையில் சூரியன் காலை 6.35 அளவில் உதித்து மாலை 6 மணிவாக்கில் மறைகிறது. அந்தப் பழக்கத்தோடு பினாங்கில் ஆறு மணிக்கு எழுந்து வெளியே போனால் கும்மிருட்டு. அங்கே உதயம் ஏறக்குறைய 7.30, மறைவு 7.25. மலேசியா தன் இடத்துக்கு உரியதைவிட முன்னே ஓடும் கடிகாரத்தை வைத்திருப்பதே காரணம். இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். புகைப்படக்காரருக்கு இது வரம். ஓட்டலில் ஆறரைக்கு எழுந்தாலும் விடியலுக்கு முந்தைய நீல ஒளி காத்திருக்கும். கடைகள் திறக்கும் பத்து மணிக்கும் வெயில் அவ்வளவு செங்குத்தாக ஏறியிருக்காது.

அதே நாளில் புக்கெட்டில் உதயம் 6.45, மறைவு 6.25. கொச்சியும் ஏறத்தாழ அப்படித்தான். டையூ இந்தியாவின் மேற்கோரத்தில் இருப்பதால் 7.25க்குத்தான் விடியும், மறைவு 6.25.

அடுத்தது நிழல். ஜனவரி நடுவில், உச்சிப்பொழுதில், ஆறடி உயர ஆளின் நிழல் பினாங்கில் மூன்றடிதான் விழும். டையூவில் ஐந்தடிக்குக் குறையாது. டையூ வடக்கே 20 பாகைக்கு மேல் இருப்பதால் குளிர்காலச் சூரியன் அங்கே உச்சிக்கு வருவதே இல்லை. தெற்கு பார்த்த சுவர்களில் பகல் முழுக்கச் சாய்ந்த வெயில் கிடைக்கும். பினாங்கு, புக்கெட், கொச்சி மூன்றிலும் பதினோரு மணிக்கு மேல் மூன்றரை மணி வரை தெருவில் நின்று சுவரைப் படம் எடுப்பது வீண். நெற்றியில் நிழல், கூரை விளிம்பில் கறுப்பு, நடுச்சுவரில் வெளிறல் என்றுதான் வரும். அந்த நான்கரை மணி நேரத்துக்குள் நுழைந்துகொள்ள ஒரு கட்டடம் வேண்டும். அந்த வகையில் பினாங்கை மற்ற ஊர்கள் நெருங்க முடியாது.

பினாங்கு

1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைப்பற்றிய தீவு. ஜார்ஜ் டவுன் 2008-இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியலில் சேர்ந்ததால் பழைய இரண்டு மாடிக் கடைவீடுகள் வரிசை கலையாமல் நிற்கின்றன. ஒரு தெருவின் முழு வரிசையையும் ஒரே படத்தில் கொண்டுவரலாம். நடுவில் கண்ணாடிக் கட்டடம் குறுக்கிடுவது குறைவு.

கடைவீடுகளின் முன்னால் தூண்களோடு கூடிய மூடிய நடைபாதை ஓடும். ஊர்த் தமிழர்கள் அஞ்சடி என்பார்கள். படம் இங்கேதான் இருக்கிறது. தூண்கள் அடுக்கடுக்காகப் பின்வாங்கிப் போக, பூவேலைத் தளக்கல் மீது பக்கவாட்டு ஒளி விழும். மழை பெய்தாலும் நனையாமல் நடக்கலாம். ஆனால் ஒரு சங்கடம் உண்டு. பச்சைச் சுவரை ஒட்டி நிற்பவரின் கன்னத்தில் பச்சை ஏறும், மஞ்சள் சுவரை ஒட்டினால் மஞ்சள் காமாலை வந்தவர் போலத் தெரிவார். கம்ப்யூட்டரில் அதைச் சரிசெய்யப் போனால் சுவரின் நிறமும் கெட்டுப்போகும். எடுக்கும்போதே ஆளைச் சுவரிலிருந்து விலக்கித் தெருப்பக்க விளிம்புக்கு ஓரடி வரச்சொல்லுங்கள். திறந்த வானத்தின் ஒளி முகத்தில் விழுந்ததும் சாயம் கழன்றுவிடும்.

காலை நடைக்கு எங்கள் வரிசை இது. ஏழு மணிக்கு வெல்ட் கீ கரையில் இருங்கள். சீனக் குலங்களின் மரத்தூண் வீடுகள் கடலுக்குள் நீண்டிருக்கும் படகுத்துறைகள் அங்கேதான். கிழக்கே பெருநிலக் கரை தெரியும், அதன் மேல் விடியும். டான் குலத் துறையின் பலகைப் பாதை குறுகலானது; அதன் வழியே கடலை நோக்கி எடுப்பது எளிது. சியூ குலத் துறை பெரியது. ஆனால் அது குடியிருப்பு, அங்கே பார்வையாளர் நேரம் உண்டு, வீட்டுக்காரர்கள் பலகையும் வைத்திருக்கிறார்கள். விடியலில் அங்கே போக வேண்டாம். திறந்திருக்கும் வாசல் வழியாக உள்ளே லென்ஸை நீட்டவும் வேண்டாம். ஒன்பதுக்கு மேல் போய், கும்பிட்டு, கேட்டு எடுங்கள்.

எட்டு மணிக்குக் கரையிலிருந்து ஆர்மேனியன் தெருவுக்குள் நுழைந்தால் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சாகரேவிச் 2012-இல் வரைந்த சுவரோவியம் வரும். நிஜ சைக்கிளைச் சுவரில் பதித்து, அதன் மேல் இரண்டு குழந்தைகளை வரைந்திருக்கிறார். ஒன்பதரைக்கு மேல் அதன் முன் வரிசை நிற்கும். ஓவியத்தை மட்டும் நேராக எடுத்தால் எல்லோரிடமும் இருக்கிற படம்தான் உங்களிடமும் இருக்கும். எதிர்ப்பக்கம் நின்று, கடந்துபோகும் சைக்கிள்காரரை 1/30 நொடி ஷட்டர் வேகத்தில் பின்தொடர்ந்து எடுத்துப் பாருங்கள்.

அங்கிருந்து கேனன் தெரு, கூ கொங்சி. பொன்னும் மரவேலையும் நிறைந்த அந்தக் குலக்கோயில் 1906-இல் கட்டி முடித்தது; நுழைவுச் சீட்டு உண்டு. பிறகு பழைய பிட் தெருவில் வடக்கே ஏறினால் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சற்றுத் தள்ளி மகா மாரியம்மன் கோயிலின் பின்புறம், அதற்கப்பால் சீனர்களின் கருணைத் தெய்வக் கோயில், 1818-இன் வெள்ளைத் தூண் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் ஒரே தெருவில். மாரியம்மன் கோயில் வாசல் அடுத்த தெருவான குயின் தெருவில், கிழக்கு பார்த்தது. ஆகவே கோபுரத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மாலையில் போனால் பொம்மைகளின் முகமெல்லாம் நிழலில் இருக்கும். பள்ளிவாசலில் தொழுகை நேரம் தவிர்த்து அனுமதிப்பார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலை ஒட்டி அந்தப் பக்கம் திட்டம் வைக்காதீர்கள்.

வெயில் ஏறியதும் லீத் தெருவின் நீல மாளிகை. செல்வந்தர் சியோங் ஃபாட் சே கட்டிய வீடு. சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து பூசிய சுவர். உள்ளே விடும் நேரத்தைப் பார்த்து முன்பதிவு செய்துவிடுங்கள். அந்த நீலம் கேமராவை ஏமாற்றும். இருண்ட சுவர் படச் சட்டத்தை நிறைத்தால் கேமராவின் ஒளி மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டும், அவுரி நீலம் வெளிர் நீலமாகிப் போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தை, முக்கால் படி (ஸ்டாப்) குறைத்து எடுத்தால் கண்ணால் பார்த்த நிறம் வரும். வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருப்பதால் நண்பகல் வெளிச்சம் மேலிருந்து மெதுவாக இறங்கும். உச்சிப்பொழுதுக்கென்றே அமைந்த இடம். சர்ச் தெருவின் பெரானாக்கான் (மலாய்ப் பண்பாடு கலந்த சீனர்) மாளிகையும் இதே வேளைக்குப் பொருந்தும்.

மொத்த நடையும் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மாலையில் லவ் லேன், முந்த்ரி தெரு, பிறகு சூலியா தெருவின் தள்ளுவண்டிக் கடைகள். ஏழரைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே வண்டிகளின் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கும். அந்த இருபது நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். கால் வலித்தால் ஊருக்குள் ஓடும் இலவச 'கேட்' பேருந்தில் ஏறிக்கொள்ளலாம்.

சென்னைக்காரருக்கு இங்கே வேறு யாருக்கும் கிடைக்காத வசதி ஒன்று உண்டு. மார்க்கெட் தெரு, குயின் தெரு வட்டாரத்தில் பூக்கட்டுகிறவரிடமும் மசாலாக் கடைக்காரரிடமும் தமிழிலேயே பேசி அனுமதி கேட்கலாம். "அண்ணே, கடையை ஒரு படம் எடுத்துக்கிறேன்" என்றால் போதும், பெரும்பாலும் தலையாட்டுவார்கள். ஆள் இல்லாத சுவர்ப் படங்கள் சீக்கிரம் சலித்துவிடும். ஆட்களோடு எடுப்பவர்களுக்கு மொழி பாதி வேலையை முடித்துத் தருகிறது.

போக்குவரத்து: இண்டிகோ 2024 டிசம்பரில் சென்னை–பினாங்கு நேரடி விமானத்தைத் தொடங்கியது. அதற்கு முன் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாறித்தான் போக வேண்டியிருந்தது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு தந்து, அதை 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறது. ஆனாலும் டிஜிட்டல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதை மறந்து விமான நிலைய வரிசையில் நின்று போனில் தட்டிக்கொண்டிருக்கிறவர்கள் ஏராளம்.

புக்கெட் பழைய நகரம்

ஈயச் சுரங்கப் பணத்தில் எழுந்த ஊர். பினாங்குச் சீனக் குடும்பங்களோடு கொண்டும் கொடுத்தும் வளர்ந்ததால் கடைவீடுகள் ஒரே சாடை. தலாங் சாலை, திபுக் சாலை, பாங் ஙா சாலை, நடுவே சோய் ரொமானீ என்ற குட்டிச் சந்து. ரோஸ், இளம் மஞ்சள், கடல்பச்சை என்று பினாங்கைவிட இங்கே நிறங்கள் புதுசாக, இனிப்பாக இருக்கும். தலாங் சாலையில் மின்கம்பிகளை நிலத்துக்கடியில் கொண்டுபோய்விட்டதால் மேல்மாடி ஜன்னல்கள் சுத்தமாக வரும். ஆனால் பரப்பு சிறியது. வேகமாக நடப்பவர் ஒரு காலையில் முடித்துவிடுவார்.

போனால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். மாலை நாலு மணிக்கு மேல் தலாங் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சந்தை போடுவார்கள். விளக்குப் போட்டு நிறச்சுவர்களை ஒளியேற்றுவதும் உண்டு. அதே சாலையின் வெறும் சுவர்களை மறுநாள் திங்கள் விடியலில் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கிராபி சாலையின் சின்பிராச்சா வீடு 1903-இல் கட்டியது. நண்பகலுக்கு அது ஒன்றுதான் உருப்படியான புகலிடம். விமான நிலையம் பழைய நகரத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல், பதோங் கடற்கரை 15 கிலோமீட்டர். கடற்கரை ஓட்டலில் தங்கிக்கொண்டு விடியலுக்குப் பழைய நகரம் வருவதாகத் திட்டம் போடுகிறவர்கள் இரண்டாம் நாளே கைவிட்டுவிடுவார்கள். பழைய நகரத்திலேயே ஓர் இரவு தங்குங்கள். தாய்லாந்துக்கும் 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். விசா விதிகளைக் கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டையூ

1535-இல் போர்த்துக்கீசியர் கோட்டை கட்டத் தொடங்கி, 1961 டிசம்பர் 19 வரை கையில் வைத்திருந்த தீவு. குஜராத் வணிகர்களின் மரவேலை வீடுகளும் லிஸ்பன் பாணி முகப்புகளும் ஒரே சந்தில் ஒட்டி நிற்பது வேறெங்கும் காணக் கிடைக்காத காட்சி. நகர் சேட் ஹவேலி என்ற பழைய மாளிகை இருக்கும் பழைய ஊர்ச் சந்துகளில் நீலம், செம்மஞ்சள், பச்சை. ஊர்மதிலின் ஜாம்பா வாசலுக்குச் சிவப்புப் பூச்சு. சிங்கம், தேவதை, பாதிரியார் உருவங்களைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள்.

இங்கே நிறத்தைவிட வெள்ளைதான் சோதனை. செயின்ட் பால் தேவாலயத்தின் வெள்ளை முகப்பை மீட்டர் சொன்னபடி எடுத்தால் சாம்பல் பூத்து வரும். ஒரு படி கூட்டுங்கள், பின்னால் நீல வானம் இருந்தால் முக்கால் படி போதும். வெயில் பட்ட வெள்ளையில் விவரம் போய்விட்டதா என்று ஹிஸ்டோகிராமின் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தின்) வலது விளிம்பைப் பாருங்கள், திரையின் பளபளப்பை நம்பாதீர்கள். செயின்ட் தாமஸ் தேவாலயம் இப்போது அருங்காட்சியகம். கோட்டை மதில் மேலிருந்து கடலுக்குள் நிற்கும் சிறு கோட்டையான பானிகோட்டா தெரியும். அதற்கு 70–200 மி.மீ. லென்ஸ் தேவை, வைட் லென்ஸில் அது புள்ளியாகிவிடும்.

உச்சிப்பொழுதுக்கு நாய்டா குகைகள். கோட்டைக்குக் கல் வெட்டியெடுத்த பள்ளங்கள். கூரைத் திறப்புகள் வழியாக நண்பகல் வெயில் தூணாக இறங்கும். இருளுக்கும் ஒளிக்கும் இடைவெளி மிகப் பெரிது. ஒளிக்கு அளந்து எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, நிழலைப் பிறகு ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் மூலக் கோப்பில்) தூக்குங்கள். அல்லது இரண்டு படி வித்தியாசத்தில் மூன்று படம் எடுத்துச் சேருங்கள். தீவின் மேற்கு முனை வணாக்பாரா மீன்பிடித் துறை. மழைக்கால மீன்பிடித் தடைக்கு வெளியே போனால், வண்ணம் பூசிய படகுகள் நெருக்கியடித்து நிற்கும். கிளைவிடும் பனைமரங்களையும் தீவெங்கும் பார்க்கலாம். ஒற்றைத்தண்டுப் பனையைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்த நிழலுருவம் தனி அழகு.

குறை என்ன? தூரம். சென்னையிலிருந்து நேரடி வழியில்லை. அகமதாபாத் வரை விமானம், அங்கிருந்து இரவுப் பேருந்தோ வேராவல் வரை ரயிலோ. வேராவலிலிருந்து இன்னும் 90 கிலோமீட்டர் சாலை. மும்பையில் மாறி டையூ விமானத்தைப் பிடிப்பதும் நடக்கும், அட்டவணை அமைந்தால். எப்படியும் போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடும். இன்னொன்று: மதுவிலக்கு மாநிலமான குஜராத்துக்குப் பக்கத்தில் மதுக்கடை உள்ள தீவு என்பதால் சனி, ஞாயிறுகளில் ஓட்டல்கள் நிரம்பி வழியும். திங்கள் முதல் வியாழன் வரை வைத்துக்கொண்டால் பழைய ஊர்ச் சந்துகளில் நீங்களும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளும்தான்.

ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி

சரியாகச் சொன்னால் இது தீவல்ல, மூன்று பக்கம் தண்ணீர் சூழ்ந்த நிலமுனை. ஆனால் படகில் வந்து இறங்கும்போது தீவாகத்தான் தோன்றும். சென்னை சென்ட்ரலில் இரவு திருவனந்தபுரம் மெயிலிலோ ஆலப்புழை எக்ஸ்பிரஸிலோ ஏறினால் காலையில் எர்ணாகுளம். விமானத்தில் போனால் நெடும்பாசேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குச் சாலையிலேயே ஒன்றரை மணி கரைந்துவிடும். ரயில்தான் நல்லது. உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ படகு நேரே ஃபோர்ட் கொச்சிக்கு விடும். விடுமுறை நாளில் வரிசை நீண்டால் எர்ணாகுளம் பழைய படகுத்துறையின் அரசுப் படகைப் பிடியுங்கள்.

வீடுகளின் நிறத்தை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம். இங்கே நிறம் பஜார் சாலைக் கிடங்குகளில் இருக்கிறது: காவிச் சுவர், நீலக் கதவு, மிளகு, சுக்கு மூட்டைகள், பாரம் ஏற்றும் கைகள். கிடங்குகள் வேலை நாளில்தான் திறக்கும். மட்டாஞ்சேரி யூத ஆலயத்தையோ வெள்ளி, சனியில் திட்டத்தில் வைக்கவே கூடாது. ஆகவே வாரக்கடைசிப் பயணத்தில் சனி காலை பஜார் சாலை, ஞாயிறு காலை யூதத் தெரு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாற்றினால் இரண்டும் கெடும். வெள்ளியன்று மட்டாஞ்சேரி அரண்மனையும் மூடியிருக்கும். மற்ற நாளிலும் அதன் சுவரோவியங்களைப் படம் எடுக்க விடமாட்டார்கள்.

சீன வலைகளை எல்லோரும் அந்திச் சூரியனுக்கு எதிராக நிழலுருவமாக எடுக்கிறார்கள். வலையின் பின்பக்கம் வந்து பாருங்கள். கயிறுகளில் வரிசையாகக் கட்டித் தொங்கும் பாறாங்கற்கள்தான் எடைக்கு எடை. வலை மேலே ஏற ஏறக் கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி மேடையில் அமரும். நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்கும் அந்தத் தருணத்தைக் காலை எட்டு மணி பக்கவெயிலில் 1/250 நொடியில் எடுத்தால் தசையும் கயிறும் கல்லும் துலங்கும். மேடைக்கு அழைப்பவர்கள் பணம் எதிர்பார்ப்பார்கள், அது நியாயமும்கூட. முன்பே பேசிக்கொள்ளுங்கள். தெருக்களில் மின்கம்பிகள் குறுக்கே ஓடுவது இந்த ஊரின் பெரிய தொல்லை. முழுக் கட்டடத்தை விட்டுவிட்டு வாசல், ஜன்னல், மனிதர் என்று நெருங்கி எடுப்பதே வழி.

இலங்கையின் காலி கோட்டையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அழகான ஊர்தான், ஆனால் வெள்ளையும் காவியுமே மிகுதி. நிறத்துக்காகப் போகிற இடமல்ல. புதுச்சேரியை ஏன் விட்டீர்கள் என்று கேட்பீர்கள். அது காலையில் போய் இரவு திரும்பும் ஊர். பயணமாகத் திட்டமிடத் தேவையில்லை, ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த லென்ஸ், என்ன தவறும்

குறுந்தெருவில் எதிர்ச்சுவரை ஒட்டி எட்டு மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வையுங்கள். கேமராவைச் செங்குத்தாக, மட்டம் பிசகாமல் பிடித்தால் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் தரையிலிருந்து ஐந்தரை மீட்டர் உயரம் வரை காட்டும். 24 மி.மீ. ஏழரை மீட்டர், 20 மி.மீ. எட்டரைக்கு மேல். இரண்டு மாடிக் கடைவீட்டின் கூரை அதற்குள்தான் வரும். 35-ஐ மட்டும் எடுத்துப் போகிறவர் கேமராவை மேலே சாய்ப்பார், வீடு பின்னால் விழுவதுபோல் கோணிக்கொள்ளும். சாஃப்ட்வேரில் நிமிர்த்தினால் ஓரங்கள் வெட்டுப்படும். அதைவிடச் சிறிய கிராப் சென்சார் கேமராவில் 24-க்குப் பதில் 16. போனின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24-க்கு அருகில் இருப்பதால் இந்த வேலைக்கு ஒத்துவரும். ஆனால் போன் தானாக நிறத்தை ஏற்றிவிடும். புரோ மோடில் ரா எடுங்கள்.

ஒளியின் நிறத்துக்கேற்ப வெள்ளையைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாதீர்கள். மஞ்சள் சுவர் சட்டத்தை நிறைத்தால் கேமரா அதை விளக்கு வெளிச்சம் என்று எண்ணி நீலத்தைக் கலக்கும். அடுத்த படத்தில் ஓர் ஆள் வந்து நின்றால் நிறம் மாறிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைக்கவே முடியாது. வெயிலில் 5,200 அல்லது 5,500 கெல்வினில் பூட்டிவிடுங்கள். சிவப்பு, காவிச் சுவர்களில் மொத்த ஹிஸ்டோகிராம் சரியாக இருக்கும், சிவப்புத் தடம் மட்டும் வலதுபுறம் முட்டி நிற்கும். சுவரின் பொருக்கும் விரிசலும் மறைந்து ஒரே சிவப்புத் தகடாகிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்து அரைப்படி குறையுங்கள். சுண்ணாம்புப் பூச்சில் பளபளப்பு இல்லை, பளபளப்பை வெட்டும் போலரைசர் ஃபில்டர் அங்கே பெரிதாக உதவாது. புது எமல்ஷன் பூச்சு, ஈரத்தரை, கண்ணாடி ஜன்னல் ஆகியவற்றுக்கு அவசியம். ஒன்றரைப் படி வெளிச்சத்தைத் தின்னும் என்பதால் அஞ்சடிக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள்.

ஏ.சி. அறையிலிருந்து விடியலில் கேமராவோடு வெளியே வந்தால் லென்ஸ் முழுக்கப் பனி படியும். துடைத்தால் மீண்டும் படியும். நீல ஒளி அதற்குள் போய்விடும். பையை இறுக மூடி இரவே பால்கனியிலோ ஏ.சி. இல்லாத குளியலறையின் உலர்ந்த மூலையிலோ வையுங்கள். இல்லாவிட்டால் கிளம்ப அரைமணி முன்னால் மூடிய பையோடு வெளியே கொண்டுவந்து விடுங்கள். உபரி பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று 25 முதல் 30 எம்.பி. வரை வரும், நாளுக்கு 600 படம் என்றால் 18 ஜி.பி. வரை. இரவே இரண்டு பிரதி எடுத்துவிடுங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நான்கு இடத்திலும் அனுமதி வாங்கும் அலைச்சல் மூன்று நாள் பயணத்துக்குத் தாங்காது.

மாதம் பார்த்து முடிவெடுக்க

பொங்கல் விடுமுறை நான்கு ஊருக்கும் உகந்த பருவம். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அந்த இரண்டு மாதத்துக்குள் வரும். தைப்பூசத்தில் வெள்ளி ரதம் பினாங்கு தெருவிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும்போது, வழிநெடுகச் சீனர்களும் தேங்காய் உடைக்கும் காட்சிக்காகவே தேதியை மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஓட்டல் சில மாதம் முன்பே எடுக்க வேண்டும். சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாள் கடைகள் பல மூடியிருக்கும். சிவப்பு விளக்குகள் மட்டும் தொங்கும். அதையும் விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏப்ரல், மே கோடை விடுமுறையில் நான்குமே வேகும். போயே ஆகவேண்டுமென்றால் பினாங்கு. அஞ்சடி நிழல் இருக்கிறது, மாலை மழை ஈரத்தரையைத் தந்துவிட்டுப் போகும். மே முதல் அக்டோபர் வரை புக்கெட் வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை டையூ வேண்டாம். கொச்சியின் ஜூன், ஜூலை மழையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: மழைக்கென்றே போகிறவருக்குப் பாசி ஏறிய கிடங்குச் சுவர்கள் அப்போதுதான் முழு நிறத்தில் இருக்கும். குடை பிடிக்க ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள்.

எதற்கு டிக்கெட் எடுத்தாலும், கிளம்புமுன் ஒரு ஞாயிறு காலை ஆறேகாலுக்கு நம் பாரிமுனையில் இறங்கி ஒத்திகை பாருங்கள். ஆர்மேனியன் தெருவில் 1772-இன் ஆர்மேனியத் தேவாலயம், பக்கத்தில் தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும். கடைகள் மூடியிருக்கும், வண்டி குறைவு. தம்புச் செட்டித் தெரு வடக்கு தெற்காக ஓடுவதால் விடிந்து வெகுநேரம் வரை தரைக்கு வெயில் வராது. முதலில் மேற்குப் பக்கக் கட்டடங்களின் மேல்மாடியில் விழுந்து, பிறகு படிப்படியாக இறங்கும். எத்தனை மணிக்கு எந்த உயரத்துக்கு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பினாங்கின் பீச் தெருவும் ஏறத்தாழ இதே திசைதான். அதே நடையில் ஒரு மஞ்சள் சுவரைத் தானியங்கி வைட் பேலன்ஸிலும் பூட்டிய 5,500-லும் எடுத்து, வீட்டில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த லென்ஸைப் பையிலிருந்து எடுக்கவே இல்லையோ, அதைப் பயணத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.